சொர்ணாம்பாள் முகத்து வடுக்கள்

தன்னைப் பெற்றவளின் முகம் இதுதான் என்று சொல்லி, முன்பின் கண்டிராத ஒருத்தியின் முகத்தைக் கையிலே கொடுத்து, அதற்குச் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள் என்று அம்சவல்லி கனவிலும் கருதியவள் அல்லள். ஆயினும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டுத் தை மாதத்தில், ஒரு முற்பகல் வேளையில், அவளுடைய கடையிலேயே அது நிகழ்ந்தது.

ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை வைத்திருந்தாள் அம்சவல்லி. ஊறுகாய் ஜாடிகளும் கோப்பைகளும் தலையாட்டிப் பொம்மைகளும் வைக்கோல் பொதிந்த கூடைகளில் வாசல்வரை நிறைந்திருக்கும். ஐம்பதை நெருங்கியவள், கணவனை இழந்தவள், ஒரே மகளைப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்தவள். விருத்தாசலத்தில் அவளுடைய வாய்க்கு அஞ்சாத வியாபாரிகள் மிகச் சிலரே. அவளுடைய தாயார் சொர்ணாம்பாளோ ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பெரும்பெயர் பெற்ற பாடகி. கோயிலில் பொட்டுக் கட்டும் மரபில் பிறந்தவர். அவர் பாடுகிறார் என்று தெரிந்தால் சிதம்பரத்திலும் சீர்காழியிலும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பந்தலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் உண்டு.

அந்தச் சொர்ணாம்பாளின் வரலாற்றை வக்கீல் ஆதிநாராயணன் ஓராண்டுக் காலமாக எழுதிவந்தார். அச்சுச் செலவை ஏற்றவர் தொழிற்பேட்டையில் பீங்கான் ஆலை நடத்திவந்த கொளஞ்சியப்பன். மாசிமகத்தன்று நூலை வெளியிடுவது எனவும், வருகின்ற பெரிய மனிதர்களுக்கெல்லாம் பாடகியின் படம் பதித்த பீங்கான் தட்டு ஒன்றை வழங்குவது எனவும் ஏற்பாடு. நூலைப் பதிப்பிக்க ஒப்புக்கொண்ட சென்னைப் பதிப்பகத்தார் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதவர்கள். எழுதப்படும் செய்தி ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். அச்சிடப்படும் படம் ஒவ்வொன்றுக்கும் உரியவரின் கையெழுத்து வேண்டும். அவற்றைச் சரிபார்ப்பதற்கு அவர்கள் அனுப்பியவர் பச்சமுத்து என்பவர். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி.

“வாங்க வக்கீல் சார். ஜாடியா, கோப்பையா?” என்று கேட்டாள் அம்சவல்லி.

“வியாபாரத்துக்கு வரலம்மா. புஸ்தகம் முடிஞ்சுபோச்சு. இவரு மெட்ராஸ்லேருந்து வந்திருக்காரு. ஒரே ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, மாசிமகத்துக்கு உங்க அம்மா தேர்ல வர மாதிரி வந்துடுவாங்க.”

வக்கீல் செய்தித்தாள் சுற்றைப் பிரித்து, பொன்விளிம்பிட்ட ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து நீட்டினார். தட்டின் நடுவே ஒரு பெண். வழவழப்பான நீள்வட்ட முகம். காதில் கல்லுக் கம்மல். மார்பின்மீது விழுந்த நீண்ட பின்னல். தோளில் சாய்ந்த தம்பூரா. கீழே ‘சங்கீத கோகிலம் விருத்தாசலம் சொர்ணாம்பாள்’ என்ற எழுத்துகள்.

“யாரு இது?”

வக்கீல் சிரித்தார். “என்னம்மா, பெத்த தாயவே யாருங்கறீங்க?”

“பெத்த தாயா இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?”

“இது உங்களுக்கு வெவரம் தெரியறதுக்கு முன்னாடி எடுத்ததும்மா. அம்மை வாக்கறதுக்கு முன்ன. ராஜாங்கம் ஸ்டுடியோவுல பழைய கண்ணாடி நெகடிவ்ல கெடச்சுது. பாருங்க, மகாலட்சுமி மாதிரி இருக்காங்க.”

அம்சவல்லி நடை பழகும் பருவத்தில்தான் சொர்ணாம்பாளுக்குப் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தது; முகம் போயிற்று. அதற்கு முன்னர் அந்த முகம் எவ்வாறிருந்தது என்பது மகளுக்குத் தெரியாது. ‘அம்மா ஒருகாலத்தில் இப்படி இருந்திருப்பாளோ’ என்று ஓர் ஆசை அவள் நெஞ்சில் எழுந்தது. தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். அந்தக் கண்களிலே தன் மகளின் சாயலைத் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே தம்பூராவின்மீது அவள் பார்வை சென்றது. ஆசை அறுந்தது, அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது.

“இந்தத் தம்பூராவுல தந்தி எங்க சார்?”

“போட்டோவுல தந்தியெல்லாம் விழாதும்மா. மெல்லிசு.”

பச்சமுத்து தட்டை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். “புடவைக் கரையில இருக்கற ஒத்த இழை விழுந்திருக்குது சார். தந்தி மட்டும் எப்படி விழாம போவும்? முறுக்காணியும் மூணுதான் இருக்குது. ஒண்ணக் காணோம்.”

“எங்கம்மா மேடையில தம்பூராவத் தொட்டதே இல்ல. அவளுக்கு ரெண்டு கையும் தாளத்துக்கே பத்தாது. தம்பூரா மீட்ட பின்னால ஆளு இருக்கும்” என்ற அம்சவல்லி, தட்டை மேசைமேல் ஓசையெழ வைத்தாள். “போன வருசம் இதே கடையில உள்ளார கூட்டிட்டுப்போய், மாட்டியிருக்கற படத்த உங்களுக்குக் காட்டினேனா இல்லியா? அப்ப என்னா சொன்னீங்க?”

வக்கீல் கூடைகளைப் பார்த்தார்.

“‘இதுல களை இல்லம்மா’ன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்குது.”

பச்சமுத்து, “அந்தப் படத்த நான் பாக்கலாமாங்க?” என்று கேட்டார். அவள் உட்சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் ஒருவன் பதிவுக்கூடத்தில் எடுத்த படம் அது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஒலிவாங்கிக் குழாயின் முன் அமர்ந்து, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். நெற்றி, கன்னம், மூக்கு என்று ஓரிடம் விடாமல் அம்மை வடுக்கள். அழகாகத் தெரியவேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை.

பச்சமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தம் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார்.

“வக்கீல் சார், ஆறாம் அத்தியாயத்துல ஒரு சந்தேகம். ‘இருபத்தொன்பதாம் வருஷம் மாசிமகத்தன்று, பழமலைநாதர் சன்னதியில் தம் குரலையே காணிக்கையாக்கிய அம்மையார் அதன்பின் பாடவேயில்லை’ன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம், அம்பத்தெட்டாம் வருசத்துத் திருவிழா மலர்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. அச்சில வந்த ஆதாரம்.”

“மலரத் தேடிப் புடிச்சுப் பாத்தேன். கட்டுரைக்குக் கீழ ‘மணிமுத்தன்’னு இருக்குது. அது யாரு சார்?”

வக்கீல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “ஒரு புனைபெயர்.”

“யாரோட புனைபெயர்?”

“என்னோடதுதான். அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல சார். உங்க கட்சிக்கு நீங்களே சாட்சின்னா கோர்ட்டுல ஒத்துக்குவாங்களான்னு கேட்டேன். இந்தப் படத்துல இருக்கற பதிவு முப்பத்துநாலாம் வருசத்துது. கம்பெனி விலைப்பட்டியல்ல நானே பாத்தேன். குரலக் குடுத்துட்டவங்க அஞ்சு வருசம் கழிச்சு எப்படிப் பாடினாங்க?”

அம்சவல்லிக்கு அந்தக் காணிக்கைக் கதை அதுவரை தெரியாது. அவள் வக்கீலின் முகத்தையே பார்த்தாள்.

“காணிக்கையா? யாரு காணிக்கை குடுத்தா? எங்கம்மாவே சொல்லியிருக்கா சார். அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துன மாசமே சபாக்காரன் வந்தான். மொகத்தப் பாத்தான். ‘ஒடம்பத் தேத்திக்கங்க, அப்பறம் சொல்லி அனுப்பறோம்’னான். அனுப்பவேயில்ல. ஒருத்தன்கூடக் கூப்புடல. மொகம் தெரியாத எடத்துல பாடினா. ரிக்கார்டுல மொகம் தெரியாதுல்ல? சாவற வரைக்கும் கொரலு அப்படியே இருந்துச்சு சார். நான் கேட்டிருக்கேன். தெனமும் காலையில வூட்டுக் கதவச் சாத்திக்கிட்டுப் பாடுவா. அந்தப் பழிய நீங்க சாமி தலையில கட்டிட்டீங்களே!”

“பக்தியோட எழுதினேம்மா. இதுல பழி எங்க வந்துது?” என்று வக்கீல் எழுந்துகொண்டார். “தட்டெல்லாம் சூளையிலேருந்து எறக்கியாச்சு. ஞாயித்துக்கெழம கொளஞ்சியப்பன் ஆலையில கூட்டம். அங்க வந்து பேசுங்க.”

அவர் போன பிறகு பச்சமுத்து தயங்கியபடி, “நீங்க சொன்னதுக்கும் ஒரு சான்று வேணும்மா. சபாக்காரங்க வந்தது, சொன்னது...” என்றார்.

“எங்கம்மா மொகம்தான் சான்று. பூதக்கண்ணாடி வேற வெச்சிருக்கீங்க!” என்று அவர்மீதும் பாய்ந்தாள் அம்சவல்லி. அவரோ கோபிக்கவில்லை. ‘மகளின் கூற்று’ என்று குறிப்பிட்டு, அவள் பெயரையும் போட்டால் அச்சிடலாம் என்று மட்டும் சொன்னார். “போடுங்க. அம்சவல்லி, சொர்ணாம்பாள் மகள்னு பெரிய எழுத்துல போடுங்க” என்றாள் அவள்.

அன்று மாலையே இருவரும் ராஜாங்கத்தின் ஸ்டுடியோவுக்குச் சென்றனர். அவர் தந்தை காலத்திலிருந்து நடைபெறும் ஸ்டுடியோ அது. பெயின்ட் உதிர்ந்த அரண்மனைத் திரை ஒன்று இன்னமும் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. செய்தியைக் கேட்டதும் ராஜாங்கம் சற்றும் கூச்சமின்றிச் சொன்னார்.

“அந்தத் தம்பூரா எங்க ஸ்டுடியோவுதும்மா. அப்பா ஏதோ ஏலத்துல எடுத்தது. ஆம்பள வந்து ஒக்காந்தா கையில புஸ்தகம் குடுப்பாரு. பொம்பள வந்தா தம்பூரா குடுப்பாரு. வெறுங்கையோட ஒக்காந்தா கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நெளிவாங்கல்ல? தலைகீழாப் புஸ்தகம் புடிச்ச மிராசுதாரு படமெல்லாம் எங்கிட்ட இருக்குது. காட்டட்டா?”

“வக்கீலு வந்து என்னா கேட்டாரு?”

“‘தம்பூரா புடிச்ச பொம்பள படம் இருக்குதா’ன்னாரு. ஒரு பொட்டி நெறைய இருக்குதுன்னேன்.”

பச்சமுத்து எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “ஒரு பொட்டியா?”

“பின்ன? ஊர்ல பாதிப் பொம்பளைங்க தம்பூராவோடதான் இருக்காங்க. அவரு ஒண்ணொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. ஒரு மணி நேரம் பாத்திருப்பாரு. கடைசியில இந்தப் பொம்பளையப் பாத்துட்டு, ‘இதுதான்யா சரஸ்வதி கடாட்சம்’னாரு. எடுப்பான மொகம்தான், நானும் இல்லன்னு சொல்லல.”

அம்சவல்லிக்குக் காதோரம் சூடேறியது. தவறுதலாக நேர்ந்த பிழை என்றால் பொறுத்திருப்பாள். இது பெண் பார்க்கும் படலமாக அன்றோ இருந்திருக்கிறது! ஒரு பெட்டி முகங்களைப் புரட்டி, அதிலே அழகானதாகப் பொறுக்கி, அவளுடைய தாய்க்கு மாட்டிவிட்டிருக்கிறார். அன்று மேடையிலிருந்து இறக்கியவனுக்கும் இவருக்கும் என்ன வேற்றுமை? அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆளை விலக்கினான். இவர் ஆளை வைத்துக்கொண்டு முகத்தை விலக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தன் தாயின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவள் ஆலைக்குப் போனாள். சூளை ஓய்ந்திருந்தது, முற்றமெங்கும் வெண்மண் தூள் படிந்திருந்தது. அலுவலக அறையில் கொளஞ்சியப்பன், வக்கீல், பச்சமுத்து ஆகிய மூவரும் இருந்தனர். சுவரோரமாகத் தட்டுகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. ஒரு தட்டு மட்டும் சுவரில் மாட்டப்பட்டு, அதற்குச் சாமந்தி மாலையும் சாத்தப்பட்டிருந்தது.

“வாம்மா, வா. தெய்வம் பெத்த மகளே, ஒக்காரு” என்று வரவேற்றார் கொளஞ்சியப்பன். கருவேப்பிலங்குறிச்சி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சொந்த முயற்சியால் ஆலை வைத்தவர். “தெனமும் காலையில இந்த மொகத்தக் கும்புட்டுட்டுத்தான் சூளைக்கு நெருப்பு வெக்கச் சொல்றேன். வந்ததுலேருந்து ஒரு கோப்பை விரியல.”

“அது எங்கம்மா இல்லீங்க மொதலாளி.”

பச்சமுத்து ஸ்டுடியோவில் அறிந்ததை அப்படியே எடுத்துரைத்தார். கொளஞ்சியப்பன் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை.

“சரி, யாரோ ஒரு பொம்பள. அதனால என்னாம்மா? சாமி படம் வரையறவன் சாமிய நேர்ல பாத்தா வரையறான்? பாட்டு தெய்வம். தெய்வத்துக்கு எந்த மொகமா இருந்தா என்னா? நல்ல மொகமா இருக்குதா, அதான் முக்கியம்.”

“அதையேதான் நானும் சொல்றேன்” என்றார் வக்கீல்.

“அப்ப என் கையெழுத்து எதுக்கு? அந்தத் தெய்வத்துக்கிட்டயே வாங்கிக்கங்க” என்று அம்சவல்லி எழுந்தாள்.

அந்நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. கொளஞ்சியப்பனின் அக்காள் பூவாயி ஒரு பை நிறைய மல்லாட்டைக் கடலையோடு ஊரிலிருந்து வந்திருந்தாள். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவள். ஆலைக்குள் அவள் கால் வைப்பது அதுவே முதல்முறை. அறைக்குள் நுழைந்தவள் சுவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். கிட்டப்போய், விரலால் தட்டின்மேல் இருந்த கன்னத்தைத் தொட்டாள்.

“ஏண்டா தம்பி, அம்மா படம் ஒனக்கு எங்கடா கெடச்சுது? எனக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“அம்மா இல்லக்கா. இது பாட்டுக்காரம்மா. சொர்ணாம்பாள்.”

“எந்தப் பாட்டுக்காரி? காசியம்மாளுடா! பெத்தவள எனக்குத் தெரியாதா? நீ வயித்துல இல்லாதப்ப, மாசிமகத்துக்கு வந்து எடுத்தது. என்னையும் எடுக்கச் சொல்லி நான் தரையில பொரண்டு அழுதேன். இந்தக் கட்டையக் கையில குடுத்தான். ‘ஐயோ, பாரமா இருக்குதே, நாத்துமுடி தூக்கலாம், இத்தத் தூக்க முடியலியே’ன்னா அம்மா. ஒன்னப் பெத்துப்போட்டுட்டு அவ போயி, சித்தி வந்ததும், அப்பா படத்த எங்கியோ எடுத்துப் போட்டுட்டாரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கம்மலப் பாரு. இத்தத்தானடா ஒம் பொண்டாட்டி நேத்துக் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனா?”

கொளஞ்சியப்பன் மேசையை விட்டு எழுந்து வந்து தட்டின் அருகே நின்றார். கம்மலைப் பார்த்தார். பிறந்தது முதல் அவர் பார்த்தறியாத தாய் முகத்தை, மூன்று வாரமாகத் தெரியாமலே கும்பிட்டுவந்திருக்கிறார். அந்தக் கணத்தில் அவர் அழுதிருந்தால் அம்சவல்லிகூட மனம் இளகியிருப்பாள். அவர் பார்வை முகத்தை விட்டு இறங்கி, கீழே இருந்த பெயரில் நின்றது. கழுத்து சிவந்தது.

“யோவ் வக்கீலே! எங்கம்மாவத் தாசின்னு எழுதி ஊரெல்லாம் குடுக்கப் பாத்தியா?”

“ஐயா, எனக்கெப்படித் தெரியும்...”

“கவுண்டரு வூட்டுப் பொம்பளையப் போயி... எவனாவது வெளிய பாத்திருந்தா என் மானம் என்னாவறது? தாசி பேர எங்கம்மா மொகத்துக்குக் கீழ...”

“மொதலாளி!”

அம்சவல்லியின் குரல் முற்றத்துக்கும் கேட்டது.

“இப்ப என்னா வார்த்த சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. நான் உள்ள வரச்சே தெய்வம் பெத்த மகளேன்னு கூப்புட்டீங்க. இந்த மாலை இன்னும் வாடல. படத்துல இருக்கறது ஒங்கம்மான்னு தெரிஞ்சதும் எங்கம்மா தாசியாயிட்டாளா? எங்கம்மா பேரு ஒங்கம்மா மொகத்துல பட்டா ஒங்களுக்கு மானம் போவுது. ஒங்கம்மா மொகத்த எங்கம்மா பேருக்கு ஒட்டவெச்சப்ப எனக்கு என்னா போச்சுன்னு இந்த ரூமுல ஒருத்தராவது கேட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணாம்மா? எங்கம்மா குடும்பப் பொம்பள.”

“எங்கம்மா மட்டும் என்னா, மரத்துல காய்ச்சவளா? பன்னெண்டு பேருக்குச் சோறு போட்டவ. மொகம் போனப்பறமும் பாடித்தான் போட்டா. ஒங்களுக்கு அவ வேணாம். அவ பாட்டு வேணும், அவ பேரு வேணும், மாசிமகத்துக்கு ஒரு மேடை வேணும். அவ மட்டும் வேணாம்!”

கொளஞ்சியப்பன் கோபத்தை வாசல் பக்கம் திருப்பினார். “டேய், எவன்டா அங்க? இந்தத் தட்டையெல்லாம் எடுத்துப்போயி ஒடச்சுத் தூள் பண்ணுங்கடா!”

“எவன்டா எங்கம்மாவ ஒடைக்கறவன்? வரச்சொல்லு பாக்கலாம்!” என்று பூவாயி அடுக்குகளின் முன்னே சப்பணமிட்டு அமர்ந்துவிட்டாள்.

“அக்கா, கீழ பேரு இருக்குதுக்கா!”

“இருந்தா இருக்கட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது.”

ஓடிவந்த வேலையாட்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டனர். பெயரை மட்டும் சுரண்டி எடுக்க இயலுமா என்று கொளஞ்சியப்பன் கேட்டார். மெருகுக்குள் இறங்கிச் சுட்ட எழுத்து வராது என்று அவர்கள் சொன்னார்கள். அதனை அவரே அறிவார். உடைத்தால் தாயின் முகம் உடையும். கொடுத்தால் அதன்கீழ்த் தாசியின் பெயரும் ஊரெல்லாம் போகும். அவர் தம் ஆலையில் சுட்ட சரக்கையே பகைவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இந்தப் புஸ்தகத்துக்கும் எனக்கும் இனிமே சம்பந்தம் இல்ல. எல்லாரும் போயிட்டு வாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முற்றத்துக்கு வந்ததும் வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஓராண்டு உழைப்பு வீணாகிய வருத்தம் இருந்தது. ஆனால் கற்றுக்கொண்ட அடையாளம் இல்லை.

“பச்சமுத்து, அவரு இல்லாம புஸ்தகம் வருமா?”

“ஒல்லியா வரும் சார். காணிக்கை அத்தியாயம் போனா பக்கமும் கொறையும். அந்த எடத்துல நடந்தத எழுதிக் குடுங்க. படம் ஒண்ணு போதும். அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் அதுவும்.”

வக்கீல் அம்சவல்லி கையிலிருந்த பொதியைப் பார்த்தார். “அந்தப் படமேதான்னா... சரி. வேற வழியில்ல. ராஜாங்கத்துக்கிட்ட சொல்லி வடுவ மட்டும் லேசா நெரப்பிடலாம். பாக்கறவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும். உங்க அம்மாவுக்கும் நல்லதுதானே?”

அம்சவல்லி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்துவதைக் காட்டிலும் அது கடுமையாக இருந்தது.

“அந்த வடுவுக்காகத்தான் அவள எறக்கினாங்க. நீங்க அத நெரப்பினீங்கன்னா, எறக்கினவன் சரியாத்தான் செஞ்சான்னு ஆயிடும். எங்கம்மா மொகத்துல ஒரு புள்ளி கொறஞ்சாலும் என் கையெழுத்து கெடையாது. ஆறாம் அத்தியாயத்த நீங்க திருப்பி எழுதறீங்க. சபாக்காரன் வந்தது, மொகத்தப் பாத்தது, கூப்புடாதது, எல்லாம். நான் சொன்னேன்னு என் பேரப் போட்டு எழுதறீங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. படம் திரும்பி ஆணிக்குப் போவுது.”

“என் நடையில எழுதலாமா, அதாவது அனுமதி உண்டா?”

“நடை ஒங்களுது. பொய் மட்டும் வேணாம்.”

வக்கீல் பச்சமுத்துவைப் பார்த்தார். பச்சமுத்து பையிலிருந்து ஆறாம் அத்தியாயத்தை உருவி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, அவர் கையில் கொடுத்தார். வக்கீல் அதை மடித்து அங்கவஸ்திரத்துக்குள் செருகிக்கொண்டு, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலையில் ராஜாங்கத்தின் ஸ்டுடியோவில் படத்தை நகலெடுத்தார்கள். அசலை வைத்துவிட்டுப் போங்கள், சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார் ராஜாங்கம். அவள் போகவில்லை. கடையை அன்று திறக்கவுமில்லை. நெகடிவ் கழுவிக் காயும்வரை பெஞ்சிலேயே அமர்ந்திருந்தாள். பச்சமுத்து சம்மதக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தார்.

காய்ந்த நெகடிவை ராஜாங்கம் சாய்வு மேசையின் கண்ணாடிமேல் வைத்தார். கீழிருந்து வெளிச்சம் வந்தது. கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறிச் சொர்ணாம்பாள் பாடிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன் கூரை நாக்கில் தொட்டு, நெற்றியை நோக்கிக் கொண்டுபோனார்.

“பென்சிலக் கீழ வைங்க.”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “கை தன்னால போயிடுச்சும்மா. எல்லாருக்கும் பண்றதுதான். கல்யாணப் பொண்ணுக்கு மொகப்பருவ எடுக்கறது, கெழவருக்குச் சுருக்கத்த எடுக்கறது. பண்ணலன்னா சண்டைக்கு வருவாங்க.”

“பண்ணினா நான் சண்டைக்கு வருவேன்.”

“வடுவத் தொடலம்மா, சத்தியமா. பழைய படம், தூசி நெறைய விழுந்திருக்குது. தூசிய மட்டும் எடுக்கறேன். இங்க பாருங்க, தாடைகிட்ட, இது தூசிதான்.”

அவள் எழுந்து மேசையருகே குனிந்தாள். பச்சமுத்து கேட்காமலே பூதக்கண்ணாடியை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். குழந்தைப் பருவத்தில் அந்தத் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியவள் அவள்.

“அது அம்மை.”

“இது?”

“அதுவும்.”

“அப்ப இந்தக் காதோரத்துல?”

அவள் சற்று நேரம் பார்த்தாள். “அது தூசி. எடுங்க.”

ராஜாங்கம் பென்சிலை வைத்த இடத்தை அவள் கண் அகலாமல் கவனித்தது. அது முடிந்ததும், பெஞ்சை மேசையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் தோளுக்கருகே உட்கார்ந்தாள்.

“அடுத்தது எது? கேட்டுட்டுத் தொடுங்க” என்றாள்.